இரண்டாவது மேஜருக்கு நான் வைத்த கையெழுத்து

புதிதாக ஆலோசகர் வேலைக்குச் சேர்ந்த நீங்கள் நாலு பேரும் சேர்ந்து எழுதிய மின்னஞ்சல் கிடைத்தது. "வேலை கிடைக்கும் எண்டு இரண்டாவது மேஜர் எடுக்கட்டோ எண்டு பிள்ளையள் வந்து கேட்டா என்ன சொல்லுறது, அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருபத்தாறு வருடம் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசகராக இருந்துவிட்டு, இப்போது ரூஜ் என்கிற புறநகரில் வீட்டுக்குள் இருந்து பக்கத்து வீட்டுக்காரன் பனி வழிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? மூன்று நாள் யோசித்தேன். என்னிடம் பதில் இல்லை. வேலையில் இருந்த காலத்திலும் இருந்ததில்லை. இருக்கிற மாதிரிக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சேர்ந்த புதிதில் வரலாறு படிக்கிற பிள்ளைகள் வந்து, கணினியையும் சேர்க்கட்டுமா என்று கேட்டார்கள். நான் வெளிக்கிடுகிற காலத்தில் கணினி படிக்கிற பிள்ளைகள் அதே கதிரையில் இருந்து, இதோடு எதைச் சேர்த்தால் வேலை கிடைக்கும் என்று கேட்டார்கள். முகங்கள் மாறியதே தவிரப் பயம் மாறவில்லை. வீடுகளில் இதை இரண்டு பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டம் ஒன்றுதான், பிரதான பாடம்தான் இரண்டு என்று நான் எத்தனை தகப்பன்மாருக்கும் தாய்மாருக்கும் சொல்லியிருப்பேன்! தலையை ஆட்டிவிட்டுப் போய், அடுத்த பிறந்தநாள் விழாவில் இரண்டு பட்டம் என்றே சொல்வார்கள்.

ஆகவே பதிலுக்குப் பதிலாக ஒரு பிள்ளையின் கதையை எழுதுகிறேன். ஆரணி என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் அதுவல்ல. அவளுடைய படிப்பு என் கையால் முறிந்த கதை இது. மற்ற ஆலோசகர்களுக்கும் பயன்படும், ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். மாட்டேன். நான் விட்ட பிழையைத் தமிழ் கதைக்கிற ஆலோசகர் ஒருவர்தான் விடலாம். மற்றவர்கள் விரும்பினாலும் விட ஏலாது.

முதலில் என்னை வேலைக்கு எடுத்த மேலாளரைப் பற்றி இரண்டு வார்த்தை. ரினிடாட்டில் பிறந்த அம்மா. மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஒருநாளும் போடமாட்டார். எனக்கு அவர் படிப்பித்தது ஒரேயொரு கேள்வி. எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்து வைக்கமுன்னர், "நான் இதுக்குக் கையெழுத்து வைக்காவிட்டால் நீ என்ன செய்வாய்?" என்று கேட்கவேண்டும். கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்கவேண்டும். உண்மையில் வேண்டும் என்று வந்த பிள்ளைக்குக் கோபம் வரும், அல்லது கெஞ்சும், அல்லது உன் மேலாளர் எங்கே என்று கேட்கும். வேறு யாருக்காகவோ வந்த பிள்ளைக்குத் தோள் இறங்கும். தோள் இறங்கினால் பேனையை மூடிவிடு என்பார் அந்த அம்மா. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கேள்வி ஒருநாளும் பிழைத்ததில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன்.

ஆரணியிடம் கேட்கவில்லை.

அவள் வந்தது இரண்டாம் வருடம் முடிகிற நேரம், பாடங்களை மாற்றுவதற்கான கடைசி நாள். அந்த நாளில் எங்கள் ஒஃபிஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது, இனித் தெரியவரும். வெளியே கொரிடோர் முழுக்கப் பிள்ளைகள், நிலத்தில் இருந்தபடி மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நாலரைக்குக் கதவு பூட்டவேண்டும். ஆரணி உள்ளே வரும்போது மூன்றேகால்.

மெலிந்த பிள்ளை. கையில் விண்ணப்பம். புவியியல் படித்துக்கொண்டிருந்தாள், அதோடு புள்ளிவிபரவியலை இரண்டாவது மேஜராகச் சேர்க்கவேண்டும். சேர்த்தால் மூன்றாம் வருடம் முழுக்க ஐந்து பாடத்துக்குப் பதிலாக ஆறு பாடம் எடுக்கவேண்டும். அப்படி எடுக்க ஆலோசகரின் அனுமதி வேண்டும். அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் என் கையில்தான் இருந்தது. அவளுடைய கோப்பில் கணக்குப் பாடங்களின் புள்ளிகள் மட்டுமட்டாகத்தான் இருந்தன. புவியியலில் பிள்ளை நல்ல கெட்டிக்காரி. மல்வேர்னில் இருந்து தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் எந்த பஸ்ஸில் ஏறி, எங்கே மாறி, எவ்வளவு நேரம் காத்து நிற்கிறார்கள் என்று அவள் ஒரு வரைபடம் செய்திருந்தாள். அவளுடைய தாய் அப்படிப் பயணம் செய்கிறவர். அந்த வரைபடத்தைப் பற்றிப் பேராசிரியர் கோப்பில் நாலு வரி எழுதியிருந்தார். ஒரு பாடத்துக்கு நாலு வரி எழுதுகிற பேராசிரியர்களை நான் அதிகம் கண்டதில்லை.

ஆரணி ஆங்கிலத்தில்தான் தொடங்கினாள். தன் பெயரைச் சொன்னாள், இந்த விண்ணப்பத்தைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தாள். நான் அதற்குள் பெயரைப் பார்த்துவிட்டேன்.

"தமிழோ? எவ்விடம் பிள்ளை?"

எவ்வளவு ஆசையாகக் கேட்டேன் தெரியுமா! காலையில் இருந்து ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தவளுக்கு எங்கடை பிள்ளை ஒன்றைக் கண்டது கோடையில் நிழலில் ஒதுங்கியது மாதிரி இருந்தது. அவள் வாயை மூடினாள். முதுகை நிமிர்த்தினாள். இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்தாள்.

"மல்வேர்ன் அன்ரி. அப்பா ஆக்கள் உரும்பிராய்."

அந்த இடத்தில் எனக்குள் இருந்த ஆலோசகர் கதிரையை விட்டு எழும்பிப் போய்விட்டார். அதில் வந்து இருந்தது ஒரு அன்ரி. நானும் விடாமல் தொடர்ந்தேன்.

"ரெண்டாவது மேஜரோ? நல்லதுதானே. அப்பா சொல்லுறதிலையும் ஞாயம் இருக்குத்தானே பிள்ளை. வெறும் புவியியலை வைச்சுக்கொண்டு எங்கை போறது?"

"ஓம் அன்ரி."

"நானும் இஞ்சை வந்த புதுசிலை ரெண்டு படிப்புப் படிச்சனான். முதல் படிச்சதை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. ரெண்டாவதாலைதான் இந்தக் கதிரையிலை இருக்கிறன். விளங்குதோ?"

"ஓம் அன்ரி."

"கணக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனா கவனமாப் படிச்சா ஏலும்தானே?"

"ஓம் அன்ரி."

மூன்று ஓம். ஓம் என்றால் சம்மதம் என்று ஆர் சொன்னது? பெரியாக்கள் கதைக்கும்போது, கேட்டுக்கொண்டிருக்கிறேன், இடையில் குறுக்கிடமாட்டேன், கெதியாகச் சொல்லி முடியுங்கள் என்பதற்கும் அதே ஓம்தான். நானே என் மாமியாருக்கு இருபது வருடம் அப்படி ஓம் போட்டவள். எனக்குத் தெரியாததா? அன்றைக்கு அது மூளையில் ஏறவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடம் எடுக்கிற விஷயத்தை அவளுக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தேன். கையெழுத்தையும் வைத்துவிட்டு, எங்கடை பிள்ளைக்கு ஒரு நல்லது செய்த சந்தோசத்தில் அடுத்தவனைக் கூப்பிட்டேன்.

கதவடியில் அவள் ஒருக்கால் நின்று திரும்பிப் பார்த்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்துக் கையைக் காட்டிவிட்டேன்.

நவம்பரில் வந்தாள். ஒரு பாடத்தைப் புள்ளி பதியாமல் விட்டு விலகுவதற்குக் கடைசிக் கிழமை அது. கண்மடல் வீங்கியிருந்தது. புள்ளிவிபரவியலில் இரண்டு இடைப் பரீட்சையும் பிழைத்துவிட்டன. ஆறு பாடத்துக்கும் ஓடியதில் புவியியலிலும் விழத் தொடங்கியிருந்தாள். அந்த வரைபடப் பேராசிரியர் அவளைக் கோடை காலத்துக்கு உதவியாளராக எடுப்பதாக இருந்தாராம், சம்பளத்தோடு. அதற்கு ஒரு சராசரிப் புள்ளி வேண்டும். அது இனி வராது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. பாருங்கள் கூத்தை. வேலை கிடைக்கவேண்டும் என்று எடுத்த பாடம், கையில் வந்த வேலையைத் தட்டிவிட்டது.

இதையெல்லாம் அவள் சொல்லவில்லை, கோப்பில் இருந்தும் பேராசிரியரிடம் கேட்டும் அறிந்தேன். அவள் சொன்னது ஒரு வசனம்தான்.

"விட்டா அப்பாக்கு என்ன சொல்லுறது அன்ரி?"

பிள்ளை முதன்முதலாக ஒரு முழு வசனம் சொல்லியிருக்கிறது. பிறகும் எனக்கு விளங்கவில்லை. என்ன சொன்னேன் தெரியுமா?

"வேணுமெண்டா நான் அப்பாவோடை கதைக்கிறன்."

முகம் வெளிறிப் போய்விட்டது அவளுக்கு. "வேண்டாம் அன்ரி, வேண்டாம்! நான் சமாளிப்பன்," என்று பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டாள். நல்ல மனத்தைரியமான பிள்ளை என்று நினைத்தேன். என் விசர் மூளையை என்ன சொல்ல! ஆறு பாடத்தையும் அப்படியே வைத்திருந்தாள். அந்தத் தவணையில் மூன்றில் தவறினாள். அடுத்த தவணையும் அதேதான். வருட முடிவில், ஒரு வருடத்துக்குப் படிப்பைத் தொடர முடியாது என்று இடைநிறுத்தக் கடிதம் போனது. அந்தக் கடிதங்கள் வீட்டுக்குப் போவதில்லை, மாணவரின் மின்னஞ்சலுக்கு மட்டும்தான் போகும். நான் இரண்டு தரம் அவளுக்கு எழுதினேன். பதில் இல்லை. புது வருடப் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். எனக்கும் மறந்துபோனது என்று எழுதினால் பொய். மறக்க வசதியாக இருந்தது.

அடுத்த ஒக்ரோபரில் கம்பஸ் நூலகத்தின் மூன்றாம் மாடியில் அவளைக் கண்டேன். யன்னலடி மேசையில் மடிக்கணினி, தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பெட்டி. மேல்முறையீடு செய்து திரும்ப வந்துவிட்டாளாக்கும் என்று வயிறு குளிர்ந்தது.

"எப்பிடிப் பிள்ளை, எல்லாம் நல்லாப் போகுதோ?"

"ஓம் அன்ரி."

ஒஃபிசுக்கு வந்து கணினியில் தட்டிப் பார்த்தேன். அவள் எந்தப் பாடத்திலும் பதியவில்லை. மேல்முறையீடும் இல்லை. சாப்பாட்டுப் பெட்டி ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. இடைநிறுத்தப்பட்ட பிள்ளை ஒவ்வொரு நாளும் காலையில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, வகுப்பு முடிகிற நேரம்வரை நூலகத்தில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறது. வீட்டில் நாலாம் வருடம் படிக்கிறதாக நினைக்கிறார்கள். போய் அவளோடு கதைக்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். அடுத்த கிழமை என்று நினைத்தேன். அடுத்த கிழமையும் அடுத்த கிழமை என்று நினைத்தேன். அவளைக் காணாமல் இருப்பதற்காக நூலகத்துக்குப் போவதையே விட்டேன். உங்களுக்கு ஆலோசனை சொல்ல வந்திருக்கிறேன் பாருங்கள், நான் ஒரு கோழை.

ஏப்ரலில் அவளுடைய தகப்பன் வந்தார்.

முன்கூட்டிச் சொல்லாமல் வந்த மனுசன். வேலைச் சப்பாத்தோடு, வேலைச் சட்டையோடு, கதவுக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். கார் உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் வேலையாம்.

"அக்கா, நான் ஆரணியின்ரை அப்பா. பிள்ளைக்கு நாலு மணிக்கு வகுப்பு முடியும், ஏத்த வந்தனான். இண்டைக்கு வெள்ளன வந்திட்டன். அதான் உங்களைப் பாத்து ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு."

"இருங்கோ அண்ணை."

கதிரையின் விளிம்பில் இருந்தார். "நீங்கள்தானாமே அண்டைக்குச் சைன் வைச்சுக் குடுத்தது. பிள்ளை சொன்னவ, தமிழ் அன்ரி ஒராள் எண்டு. வேறை ஆராவதெண்டா, உந்தப் பிள்ளைக்கு உது ஏலாது எண்டு திருப்பி அனுப்பியிருப்பினம். எங்கடை ஆக்கள் இருந்தபடியால்தான்."

மாணவரின் கோப்பில் இருப்பதை அவருடைய எழுத்துமூல அனுமதி இல்லாமல் எவருக்கும் சொல்லக்கூடாது, பெற்றவர்களுக்கும்தான். இந்தச் சட்டத்தை எத்தனையோ தகப்பன்மாரிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். சண்டைக்கு வந்தவர்களிடம் சொல்வது லேசு. நன்றி சொல்ல வந்தவரிடம் எப்படிச் சொல்வது? "நான் ஒண்டும் சொல்ல ஏலாது அண்ணை" என்றால் அந்த மனுசனுக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிடும். சொல்லாவிட்டால் நானும் சேர்ந்து நடிக்கிறேன்.

நான் வாயைத் திறக்கமுன்னர் அவர் தொடர்ந்தார்.

"ஜூனிலைதானே பட்டமளிப்பு? மொன்றியலிலை இருந்து என்ரை தமக்கை ஆக்களும் வருகினம். பிள்ளையிட்டை எத்தினை ரிக்கெற் எண்டு கேட்டா இன்னும் தெரியாது, தெரியாது எண்டு சொல்லுறா. அதைவிட ஒண்டு கேக்கோணும், நீங்கள் சிரிக்கக்கூடாது." அவரே சிரித்தார். "ரெண்டு மேஜர் எண்டபடியால் மேடையிலை பேரை ரெண்டு தரம் கூப்பிடுவினமோ?"

"இல்லை அண்ணை, ஒருக்காத்தான் கூப்பிடுவினம்," என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. கேட்ட கேள்விக்குச் சரியான விடைதான் அது. எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அவளுடைய பெயரை ஒருக்காவும் கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு, ஒருக்காத்தான் என்றேன்.

"ஒருக்காக் காணும், ஒருக்காக் காணும்," என்று எழும்பினார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். ரிக்கெற் விஷயத்தைப் பிள்ளையிடமே கேளுங்கோ, இண்டைக்கே கேளுங்கோ அண்ணை என்று மட்டும் சொல்ல முடிந்தது. ஓம், ஓம், காருக்குள்ளை போய் இருக்கிறன், வரக் கேக்கிறன் என்றபடி போனார்.

நான் ஒஃபிசைப் பூட்டாமலே நூலகத்துக்கு ஓடினேன். அறுபது வயதுக்காரி மூன்று மாடியும் படியால் ஏறி ஓடினேன், மின்தூக்கிக்குக் காத்து நிற்க மனம் வரவில்லை. அவள் அதே மேசையில்தான் இருந்தாள். மடிக்கணினியில் ஒரு வரைபடம் திறந்திருந்தது. ஆரும் கேட்காத, ஆரும் புள்ளி போடப்போகாத வரைபடம். பஸ் பாதைகள்தான்.

மூச்சு வாங்கியபடி அவளுக்கு முன்னால் இருந்தேன். முதன்முறையாக அவளோடு ஆங்கிலத்தில் கதைத்தேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. தமிழில் கதைக்க வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறேன். அப்பா வந்தவர், நன்றி சொல்லிவிட்டுப் போகிறார், கீழே காரில் இருக்கிறார் என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மடிக்கணினியை மூடினாள்.

"முதல்நாள் என்னட்டை வந்தபோது ஒரு கேள்வி இருக்கிறது என்றாய். நான் கேட்க விடவில்லை. என்ன கேள்வி அது?" என்றேன்.

அவளும் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள், இடைக்கிடை தமிழ் வந்தது. வேறு எதையும் கூட்டாமல் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"ஏலாது எண்டு எழுதித் தருவீங்களோ எண்டு கேக்க வந்தனான். நான் வேண்டாம் எண்டா அப்பா கேக்கமாட்டார். யூனிவேர்சிற்றி விடமாட்டன் எண்டு கடிதம் தந்தா பேசாமல் இருந்திடுவார். ஒரு வரி காணும் எண்டு நினைச்சன்."

ஒரு வரி. அனுமதி மறுக்கப்பட்டது என்று அந்த விண்ணப்பத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் ஒரு கீறு போட்டிருந்தால் போதும். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு அந்தப் பெட்டியில் கீறிய கை இது.

"அதை ஏன் நீ என்னட்டைச் சொல்லவில்லை?" என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வி, ஆனாலும் கேட்டேன்.

"நீங்கள் தமிழிலை தொடங்கினீங்கள். நான் அப்பாவைப் பற்றி ஒண்டுமே சொல்லமுதல் அப்பா சொல்லுறது ஞாயம் எண்டு சொன்னீங்கள். அப்பா உங்களோடை முதலே கதைச்சிட்டார் எண்டு நினைச்சன். நீங்கள் அவருக்குத் தெரிஞ்ச ஆள் எண்டு. பிறகு நவம்பரிலையும் அப்பாவோடை கதைக்கிறன் எண்டீங்கள்."

நான் அவளுடைய தகப்பனை வாழ்க்கையில் முதன்முதலாகக் கண்டது அரை மணித்தியாலத்துக்கு முன்னர்தான். அதை அவளுக்குச் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தப் பன்னிரண்டு நிமிடத்தையும் அவள் திரும்ப எண்ணிப் பார்க்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்லக்கூடிய பாடம் ஏதாவது இருந்தால் இங்கேதான் இருக்கிறது. ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் தொடங்கினால் ஆங்கிலத்திலேயே விடுங்கள். எங்கள் பாசத்தை வைத்துக்கொண்டு அதன் கதவைச் சாத்தாதீர்கள். வீட்டுக்கு வெளியே ஒரு இடம் வேண்டும் என்றுதான் அது எங்களிடம் வருகிறது. அந்த இடத்திலும் வீட்டைக் கொண்டுபோய் வைத்தவள் நான். இதை எழுதுவதால் ஆரணிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. உங்களுக்கும் இருக்குமோ தெரியாது, கொரிடோர் நிறைய ஆக்கள் நிற்கும்போது எல்லாம் மறந்துபோகும்.

"நான் கீழே வந்து அப்பாவுக்குச் சொல்கிறேன். பிழை என்னுடையது என்று சொல்கிறேன்," என்றேன்.

தலையை ஆட்டினாள். "வேண்டாம். நீங்கள் நிண்டா அவர் உங்களுக்கு முன்னாலை சிரிச்சுச் சமாளிப்பார். பிறகு வீட்டிலை நாங்கள்தானே இருக்கோணும்."

சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்தாள், தண்ணீர்ப் போத்தலை வைத்தாள். நேரத்தைப் பார்த்தாள். நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வகுப்பு முடிகிற நேரம்வரை இன்னும் பத்து நிமிடம் அந்தக் கதிரையிலேயே இருந்தாள். பழகிவிட்டது போலும். நானும் இருந்தேன். நாலு மணிக்கு எழும்பிப் போனாள்.

அந்த யன்னலில் இருந்து பார்த்தால் கார் நிறுத்துமிடம் தெரியும். தகப்பன் இறங்கி நின்று கையைக் காட்டினார். பையை வாங்கிப் பின் இருக்கையில் வைத்தார். அவள் முன்னால் ஏறினாள், அவர் சுற்றிப் போய் மறுபக்கம் ஏறினார். இரண்டு கதவும் சாத்தின.

கார் வெளிக்கிடவில்லை. பக்கத்தில் நின்ற கார்கள் ஒவ்வொன்றாகப் போயின. நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். ஐந்து மணிக்கும் அது அங்கேயே நின்றது.

ஆரணி திரும்பப் படிக்க வரவில்லை.